‘பட்’ என்றால் ‘ஆனால்’ மட்டும்தானா? ஆங்கிலம் புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆங்கிலம் படிக்கத் தொடங்கிய முதல் மாதத்திலேயே கைக்கு வந்துவிடுகிற சொல் ‘பட்’. பி, யூ, டி என்று மூன்றே எழுத்து. ‘பட் என்றால் ஆனால்’ என்று நோட்டில் எழுதிக்கொண்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுவோம். நானும் அப்படிப் போனவன்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் வெளிநாட்டுக் கிளையிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது: ‘த ரிப்போர்ட் இஸ் ஆல் பட் ரெடி.’ எல்லாம் இருக்கிறது, ஆனால் ரெடி இல்லை போலிருக்கிறது என்று நானாக ஒரு பொருள் எடுத்துக்கொண்டு, மதியம் நடக்கவிருந்த கூட்டத்தை மறுநாளுக்குத் தள்ளிவைக்கச் சொல்லிவிட்டேன். அரை மணி நேரத்தில் அறிக்கை வந்து இறங்கியது. ‘கிட்டத்தட்ட ரெடி’ என்பதுதான் அவர் எழுதியிருந்தது. மேலாளர் ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். அது போதாதா?

அன்று சாயங்காலம் அகராதியைப் புரட்டியபோதுதான் தெரிந்தது, ‘ஆனால்’ என்பது இந்தச் சொல்லின் ஒரு முகம்தான் என்று. அதனால் முதலிலேயே ஒரு சின்ன உத்தியைச் சொல்லிவிடுகிறேன். ஒரு வாக்கியத்தில் ‘பட்’ வந்தால் முதலில் ‘ஆனால்’ போட்டுப் பாருங்கள். பொருந்தினால் சரி. பொருந்தாமல் திக்கினால், ‘தவிர’ போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பூட்டு திறந்துவிடும். ஏன் ‘தவிர’ என்று புரிய வேண்டுமானால் இந்தச் சொல் பிறந்த வீடு வரைக்கும் ஒரு நடை போய்வர வேண்டும்.

முதல் படி: சொல்லின் ஊர் எது?

ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் பேசப்பட்ட பழைய ஆங்கிலத்தில் இதன் வடிவம் ‘பூட்டன்’. ஆமாம், தமிழில் எழுதினால் நம் பாட்டனுக்கு அப்பா பூட்டன் மாதிரியே வந்து நிற்கிறது. தற்செயல்தான், இரண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆனாலும் மறக்காமல் இருக்க உதவும்: பட்டுக்குப் பூட்டன், பூட்டன். அந்தப் பழைய சொல்லுக்குள் இரண்டு துண்டுகள் உண்டு. முன்பாதிக்குப் பக்கம் என்று பொருள். பின்பாதிக்கு வெளியே என்று பொருள், இன்றைய ‘அவுட்’டின் உறவு அது. சேர்த்தால் ‘வெளிப்புறமாக’, ‘புறத்தே’. டச்சு மொழியில் இதே சொல்லின் உடன்பிறப்பு இன்றைக்கும் ‘வெளியே’ என்ற பொருளில்தான் புழங்குகிறது. ‘அபவுட்’ என்கிறோமே, அதன் வயிற்றுக்குள்ளும் இந்தப் பூட்டன் இருக்கிறார்: ஒன்றின் வெளிப்புறமாக, அதாவது சுற்றிலும்.

ஸ்காட்லாந்தில் இந்தப் பழம்பொருள் வீட்டு அமைப்பிலேயே தங்கிவிட்டது. அங்கே இரண்டு அறை கொண்ட சின்னக் குடிசைக்கு ‘பட் அண்ட் பென்’ என்று பெயர். கதவைத் திறந்ததும் வருகிற வெளி அறை, பெரும்பாலும் சமையலும் புழக்கமும் நடக்கிற இடம், ‘பட்’. அதைத் தாண்டி உள்ளே இருக்கிற அறை ‘பென்’. உள்ளே வாங்க என்று கூப்பிடுவதற்கும் ‘கம் பென்’ என்பார்கள். நம்முடைய பழைய வீடுகளில் திண்ணை, ரேழி, கூடம் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் இருந்த மாதிரிதான்.

சரி, ‘வெளியே’ எப்படி ‘ஆனால்’ ஆனது? மூன்று வாக்கியங்களில் பார்த்துவிடலாம். ‘எல்லாரும் வந்தார்கள், முருகன் வெளியே.’ கணக்கில் அவனை வெளியே வைத்துவிட்டோம் என்று அர்த்தம். அதுவே கொஞ்சம் நகர்ந்தால், ‘முருகனைத் தவிர எல்லாரும் வந்தார்கள்.’ இன்னும் கொஞ்சம் நகர்ந்தால், ‘எல்லாரும் வந்தார்கள், ஆனால் முருகன் வரவில்லை.’ சேதி ஒன்றுதான். சொல் மட்டும் இடத்திலிருந்து விலக்குக்கும், விலக்கிலிருந்து எதிர்ப்புக்கும் நடந்திருக்கிறது. இப்படி நடந்து வருவதற்கு முன்னால் ‘ஆனால்’ வேலையைப் பழைய ஆங்கிலத்தில் பார்த்துக்கொண்டிருந்தது ‘அக்’ என்ற வேறொரு சொல். ‘பட்’ வந்து உட்கார்ந்ததும் அது மெல்ல மறைந்தே போனது.

இந்த இடத்தில் நம் ‘ஆனால்’ எங்கிருந்து வந்தது என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை. அது இடப்பெயர் இல்லை, வினை. ‘ஞாயிற்றுக்கிழமை ஆனால் கறிக்கடையில் கூட்டம்’ என்கிறோமே, அதே ‘ஆனால்’. ஆயினும், எனினும், இருந்தாலும் எல்லாம் அதே வழிதான்: ஆ, என், இரு என்ற வினைகள். ஆங்கிலேயன் ஒன்றை வாசலுக்கு வெளியே நிறுத்தி எதிர்ப்பைச் சொன்னான். நாம் ‘அப்படி ஆகுமானால்’ என்று ஒரு நிபந்தனையிலிருந்து சொன்னோம். பாதை வேறு என்பதால்தான் ஒன்றின் எல்லா அறைகளுக்கும் மற்றொன்றின் சாவி பொருந்துவதில்லை.

இரண்டாம் படி: வாயில் எப்படி வர வேண்டும்

பள்ளியில் எல்லாரும் கேட்ட கேள்வி ஒன்று உண்டு. பி யூ டி பட் என்றால் பி யூ டி ஏன் புட்? தமிழில் எழுதும்போது இரண்டு ‘பி’யும் ஒன்றாகத் தெரிகிறது என்பதால் கேள்வி இன்னும் அநியாயமாகத் தோன்றும். முதலாவது அழுத்திச் சொல்லும் பி, இரண்டாவது மெல்லிய காற்றோடு வரும் பி. உயிரொலி மாறியதற்குக் காரணம் வரலாறு. ஒரு காலத்தில் இரண்டுமே ‘புட்’ போலத்தான் ஒலித்தன. பதினேழாம் நூற்றாண்டில் தென் இங்கிலாந்தில் பல சொற்களில் அந்த ‘உ’ திறந்து ‘அ’ பக்கம் வந்தது. புட், புல், ஃபுல் போன்ற சில சொற்கள் பழையபடியே நின்றுவிட்டன. வட இங்கிலாந்துக்காரர்கள் பலர் இந்த மாற்றத்துக்கே வரவில்லை. அவர்கள் வாயில் ‘பட்’ இன்றும் ஏறக்குறைய ‘புட்’தான். மான்செஸ்டர்க்காரர் பேசுவதைக் கேட்டு உங்கள் காது கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

வேகமான பேச்சில் இந்தச் சொல்லுக்கு அழுத்தமே கிடையாது. லேசாகத் தொட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுவார்கள். நாம் செய்கிற தவறு, கடைசியில் ஓர் ‘உ’ சேர்த்துப் ‘பட்டு’ ஆக்குவது. ‘வரேன்னு சொன்னான், பட்டு வரலை.’ நண்பர்களோடு பேசும்போது அது அழகுதான், நேர்முகத் தேர்வில் மட்டும் சேலைக்கடையை மறந்துவிடுங்கள்.

மூன்றாம் படி: அன்றாட ‘ஆனால்’

இதில் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நிறுத்தற்குறியைக் கவனித்தால் போதும். இரண்டு பக்கமும் முழு வாக்கியம் இருந்தால் ‘பட்’டுக்கு முன்னால் காற்புள்ளி வரும்: ‘ஐ வென்ட் டு த பேங்க், பட் இட் வாஸ் க்ளோஸ்ட்.’ இரண்டு சொல்லைச் சேர்க்க மட்டும் வந்தால் காற்புள்ளி வேண்டாம்: ‘ஸ்மால் பட் ஸ்ட்ராங்.’ ‘பட்’டுக்குப் பின்னால் காற்புள்ளி போடுகிற பழக்கம் நம்மில் நிறையப் பேருக்கு இருக்கிறது. ‘ஆனால்’ சொல்லிவிட்டு ஒரு மூச்சு விடுவோம் இல்லையா, அது விரலுக்கும் வந்துவிடுகிறது. விட்டுவிடுங்கள். பின்னால் காற்புள்ளி கேட்பது, ஏறக்குறைய இதே பொருள் தரும் ‘ஹவ்எவர்’. அதற்கு முன்னால் முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ வைத்து வாக்கியத்தை முடித்தாக வேண்டும். ‘பட்’டின் இடத்தில் அதை அப்படியே தூக்கிவைக்க முடியாது.

அடுத்தது, ‘ஆல்தோ’வும் ‘பட்’டும் ஒரே வாக்கியத்தில் வருவது. ‘ஆல்தோ இட் வாஸ் ரெய்னிங், பட் ஹீ கேம்.’ விடைத்தாள்களில் நான் பார்த்த தவறுகளில் இதுதான் பிடிவாதமானது. திருத்துவதற்கு இலக்கண விதி தேவையில்லை, தமிழில் சொல்லிப் பாருங்கள்: ‘மழை பெய்தாலும், ஆனால் அவன் வந்தான்.’ காது ஒத்துக்கொள்கிறதா? ‘பெய்தாலும்’ என்று சொன்னதுமே எதிர்ப்பு முடிந்துவிட்டது. ‘ஆனால்’ அங்கே வேலையில்லாமல் நிற்கிறது. இரண்டில் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

நிறுத்தற்குறியைவிட முக்கியமானது வரிசை. வீடு பார்த்துவிட்டு வந்தவர் ‘வாடகை அதிகம், ஆனால் காற்றோட்டமான வீடு’ என்றால் முன்பணம் எடுத்துவைத்துவிட்டார் என்று அர்த்தம். ‘காற்றோட்டமான வீடு, ஆனால் வாடகை அதிகம்’ என்றால் மனதளவில் படி இறங்கிவிட்டார். ஆங்கிலத்திலும் அப்படியே, கேட்பவர் மனதில் நிற்பது ‘பட்’டுக்குப் பின்னால் வருவதுதான். அலுவலகத்தில் ஒருவரைப் பாராட்டி ஒரு குறையும் சொல்ல வேண்டியிருந்தால், குறையை முன்னால் வைத்துப் பாராட்டைப் பின்னால் வையுங்கள். ‘யுவர் வொர்க் இஸ் குட், பட்’ என்று தொடங்கினாலே எதிரில் இருப்பவர் முகம் சுருங்கிவிடும்.

உண்மை பொய் கணக்கில் பார்த்தால் ‘அண்ட்’டுக்கும் ‘பட்’டுக்கும் வித்தியாசம் கிடையாது. வாடகை அதிகம் என்பதும் உண்மை, காற்றோட்டம் என்பதும் உண்மை, அவ்வளவுதான். கணினி மொழிகளில் அண்ட், ஆர், நாட் உண்டு; வழக்கமாகப் ‘பட்’ கிடையாது. ஜெர்மானியத் தருக்க அறிஞர் கோட்லோப் ஃப்ரேகே 1879-இல் வெளியிட்ட நூலிலேயே இதைக் கவனித்திருக்கிறார்: பின்னால் வருவது நீங்கள் எதிர்பார்ப்பதற்கு மாறானது என்று ஜாடை காட்டத்தான் பேசுபவர் ‘ஆனால்’ போடுகிறார். ஜாடை என்பதால் அதில் விஷமும் வைக்கலாம். ‘அவர் வக்கீல், ஆனால் நேர்மையானவர்’ என்று ஒருவர் சொன்னால் அந்த வக்கீலைப் பற்றி நல்லதாகத்தான் சொல்கிறார். மற்ற வக்கீல்கள்தான் சண்டைக்கு வருவார்கள். ஒருவரின் ஊர், சாதி, வயது, வேலை இவற்றுக்குப் பக்கத்தில் ‘பட்’ போடும்போது இரண்டு தடவை யோசியுங்கள்.

நான்காம் படி: ‘அது அல்ல, இது’

ஜெர்மன் படிப்பவர்களுக்கு ‘பட்’டுக்கு இரண்டு சொல் சொல்லித் தருவார்கள்: ‘ஆபர்’, ‘ஸோன்டர்ன்’. ஸ்பானிஷிலும் இரண்டு. முன்னால் சொன்னதை மறுத்துவிட்டு அதன் இடத்தில் வேறொன்றை வைப்பதற்குத் தனிச் சொல். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே ‘பட்’: ‘ஷீ இஸ் நாட் எ டாக்டர் பட் எ நர்ஸ்.’ இதைத் தமிழாக்கும்போது பலர் ‘அவர் மருத்துவர் அல்ல, ஆனால் செவிலியர்’ என்று எழுதிவிடுகிறார்கள். மொழிபெயர்ப்பு வாடை அடிக்கிறது. தமிழில் ‘அல்ல’ போட்டாலே போதும்: ‘அவர் மருத்துவர் அல்ல, செவிலியர்.’

நல்ல சான்று ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. 1611-இல் வந்த ஆங்கில பைபிளில் மத்தேயு நான்காம் அதிகாரத்தில், மனிதன் அப்பத்தால் மட்டும் வாழ்வதில்லை என்ற வசனத்தின் நடுவில் ஒரு ‘பட்’ இருக்கிறது. வழக்கத்தில் உள்ள பழைய தமிழ் வேதாகமத்தில் ‘மனுஷன் அப்பத்தினாலேமாத்திரமல்ல’ என்று சொல்லிவிட்டு நேராக அடுத்ததற்குப் போய்விடுகிறார்கள். ‘ஆனால்’ இல்லை. யாருக்கும் எதுவும் குறைந்ததாகத் தெரியவில்லை.

ஐந்தாம் படி: ‘தவிர’ என்கிற சாவி

என்னை மாட்டிவிட்ட ‘ஆல் பட்’ இங்கேதான் இருக்கிறது. இதற்கு இரண்டு வேலை. ‘ஆல் பட் ஒன் பாஸ்ட்’ என்றால் ஒருவரைத் தவிர எல்லாரும் தேறினார்கள். பின்னால் ஆளோ எண்ணோ வந்தால் இந்தப் பொருள். பின்னால் ‘ரெடி’, ‘டெட்’, ‘ஃபினிஷ்ட்’ மாதிரி நிலையைச் சொல்கிற சொல் வந்தால் ‘கிட்டத்தட்ட’ என்று பொருள். அதுவும் தவிரதான், நிதானமாகப் பாருங்கள்: ரெடி என்ற பெயரைத் தவிர மற்ற எல்லாம் ஆகிவிட்டது, இன்னும் ஒரு சிட்டிகைதான் பாக்கி.

‘நத்திங் பட்’ சுலபம். நீதிமன்றச் சத்தியத்தில் வரும் ‘நத்திங் பட் த ட்ரூத்’ நமக்கு எப்படிப் பழக்கம்? ‘நான் சொல்வதெல்லாம் உண்மை, உண்மையைத் தவிர வேறெதுவும் இல்லை.’ கோர்ட் காட்சி வைத்த தமிழ்ப் படங்கள் நமக்கு ‘பட்’டின் பழம்பொருளைச் சின்ன வயதிலேயே சொல்லிக் கொடுத்துவிட்டன, நாம்தான் கவனிக்கவில்லை.

‘எனிதிங் பட்’ இதற்கு நேர் எதிர். ‘ஹீ இஸ் எனிதிங் பட் ஹானஸ்ட்’ என்றால், அவரை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், நேர்மையானவர் என்பதைத் தவிர. அதாவது நேர்மைக்கும் அவருக்கும் வெகு தூரம். நத்திங், எனிதிங் இரண்டையும் மாற்றிப் போட்டால் ஒருவருடைய வேலையே போய்விடலாம், சிபாரிசுக் கடிதம் எழுதுகிறவர்கள் கவனம்.

‘லாஸ்ட் பட் ஒன்’ என்றால் கடைசிக்கு முந்தினது: ஒன்றைத் தவிர்த்துவிட்டால் இதுதான் கடைசி. பேருந்தில் யாராவது ‘லாஸ்ட் பட் ஒன் ஸ்டாப்’ என்று சொன்னால் கடைசி நிறுத்தம் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி நடக்காதீர்கள். பள்ளி ஆண்டுவிழா மேடையில் தவறாமல் கேட்கும் ‘லாஸ்ட் பட் நாட் த லீஸ்ட்’ வேறு குடும்பம், அங்கே சாதாரண ‘ஆனால்’தான். கடைசியாகச் சொல்கிறேன், ஆனால் குறைந்தவர் அல்ல என்பது பொருள். அதைச் சொல்லிவிட்டு ஒலிபெருக்கிக்காரரின் பெயரை மறந்துபோகிற மேடைகளைப் பார்த்திருக்கிறேன், அது தனிக்கதை.

‘ஹீ இஸ் பட் எ சைல்ட்’ என்று பழைய நடையில் வரும். ‘அவன் ஆனால் குழந்தை’ என்று படித்தால் தலை சுற்றும். ‘அவன் வெறும் குழந்தை’ என்பதுதான் பொருள். இது எப்படி வந்தது தெரியுமா? முதலில் அந்த வாக்கியத்தில் ஓர் எதிர்மறை இருந்தது: ‘குழந்தையைத் தவிர வேறில்லை.’ போகப்போக அந்த ‘இல்லை’ உதிர்ந்துவிட்டது, ‘பட்’ மட்டும் நின்றுகொண்டு ‘மட்டும்’ என்ற பொருளைத் தூக்கிக்கொண்டது. உதிராத வடிவம் வட இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பக்கம் இன்றும் இருக்கிறது. ‘நாபட்’ என்பார்கள், ஒன்றுமில்லை என்பதும் பட்டும் ஒட்டிய சொல், பொருள் ‘வெறும்’.

‘ஐ காண்ட் ஹெல்ப் பட் லாஃப்’ வந்தால் தமிழில் ‘-ஆமல் இருக்க’ போட்டுவிடுங்கள்: சிரிக்காமல் இருக்க முடியவில்லை. ‘இட் நெவர் ரெய்ன்ஸ் பட் இட் போர்ஸ்’ என்ற பழமொழியும் அந்தச் சாவிக்கே திறக்கும். கொட்டாமல் மழை பெய்வதே இல்லை. வந்தால் மொத்தமாக வரும். பட்ட காலிலே படும் என்று நாம் சொல்வதற்குப் பக்கத்து வீடு.

கடைசியாக ‘பட் ஃபார்’. ‘பட் ஃபார் யூ, ஐ வுட் ஹேவ் ஃபெயில்ட்.’ நீங்கள் இல்லாவிட்டால் தோற்றிருப்பேன். சட்டம் படிப்பவர்கள் இதன் பெயரிலேயே ஒரு சோதனை இருப்பதைப் பார்ப்பார்கள். இன்னாரின் தவறு இல்லாமல் இருந்திருந்தால் இந்தத் தீங்கு நடந்திருக்குமா என்பது கேள்வி. 1960-களில் லண்டனில் நடந்த வழக்கு ஒன்றை இதற்குச் சொல்வார்கள். தேநீர் குடித்துவிட்டு வாந்தி எடுத்த 3 இரவுக் காவலாளிகள் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு வந்தார்கள். பணியில் இருந்த மருத்துவர் நேரில் வந்து பார்க்காமல், வீட்டுக்குப் போய் அவரவர் மருத்துவரைப் பார்க்கச் சொல்லிவிட்டார். சில மணி நேரத்தில் ஒருவர் இறந்தார். தேநீரில் ஆர்செனிக் இருந்தது. பார்க்காதது கவனக்குறைவுதான் என்று நீதிமன்றம் ஒத்துக்கொண்டது. ஆனாலும் உடனே பார்த்திருந்தால்கூட அவரைக் காப்பாற்றியிருக்க முடியாது என்பதால், அந்தக் கவனக்குறைவு மரணத்துக்குக் காரணம் ஆகாது என்று தீர்ப்பு வந்தது. ‘பட் ஃபார்’ என்று எங்கே பார்த்தாலும் எனக்கு அந்த ஆறிப்போன தேநீர்தான் ஞாபகம் வரும்.

ஆறாம் படி: வாக்கியத்தின் தலையில், வாலில்

‘பட்’டில் வாக்கியத்தைத் தொடங்கக் கூடாது என்று பள்ளியில் அடித்துச் சொல்வார்கள். மொழியில் அப்படி ஒரு தடை இல்லை. மேலே சொன்ன 1611 பைபிளின் முதல் புத்தகத்தில், இரண்டாம் அதிகாரம் ஆறாம் வசனமே ‘பட்’டில்தான் தொடங்குகிறது. இன்றைய செய்தித்தாள்களிலும் சாதாரணம். குழந்தைகள் ஒவ்வொரு வரியையும் ‘அண்ட்’, ‘பட்’ என்று தொடங்குவதைத் தடுக்க வைத்த வேலி, பிறகு விதியாகிவிட்டது என்பது என் அபிப்பிராயம். தாராளமாகத் தொடங்குங்கள், ஒரு பத்தியில் ஒரு தடவைக்கு மேல் வேண்டாம். தேர்வுத்தாளில் மட்டும் தொடங்காதீர்கள்; மதிப்பெண் போடுகிறவரோடு மொழி வரலாறு பேச அங்கே வழியில்லை.

வாலில் வருவது இன்னும் சுவாரஸ்யம். ‘ஐ டோல்ட் ஹிம், பட்...’ என்று நாம் இழுத்து நிறுத்துவோம். ‘சொன்னேன், ஆனா...’ என்பதன் நிழல். மிச்சத்தைக் கேட்பவர் புரிந்துகொள்ள வேண்டும். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரிலும் ஆஸ்திரேலியாவின் சில பகுதிகளிலும் வாக்கியத்தை ‘பட்’டில் முடிப்பார்கள், இழுக்காமல், முற்றுப்புள்ளியோடு. ‘இட்ஸ் குட், பட்.’ அங்கே பின்னால் எதுவும் பாக்கி இல்லை. ‘இருந்தாலும் நல்லாத்தான் இருக்கு’ என்று நாம் முன்னால் போடுவதை அவர்கள் பின்னால் போடுகிறார்கள், அவ்வளவே. மீதியைச் சொல்வார் என்று காத்துக்கொண்டு நின்றால், அவர் உங்களையே பார்த்துக்கொண்டிருப்பார்.